ஏட்டில் ஏறாத பெயர்

மக்களே மன்னர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழக்கம் இனிக்கிறது. ஆனால், அந்த மன்னர்களின் பெயரை ஏட்டிலே எழுதியது யார்? எண்ணிப் பார்த்தோமா?

வெள்ளையர் ஆட்சியிலே சொத்து, வரி, படிப்பு எனும் வேலிகள் ஏழையை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அந்த வேலிகளை வீழ்த்திற்று. 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வழங்கிற்று.

எனினும், சட்டம் தாளிலே இருந்தது. மக்களோ குடிசைகளிலே இருந்தனர். இரண்டையும் இணைத்த பாலம் நிர்வாகம். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பொறுப்பிலே, 17 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அதனாலென்ன? கட்சிகளுக்குச் சின்னம் வந்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வந்தது. கள்ள வாக்கைத் தடுக்க விரலிலே மை வந்தது. "எழுத்தறியாதவனுக்கு வாக்கா?" என்று எள்ளியோருக்கு 1951-52 தேர்தலே விடையாயிற்று.

ஆனால், அதே பட்டியலிலே ஒரு கறையும் படிந்தது. வட மாநிலங்கள் சிலவற்றில், பெயர் கேட்ட அலுவலரிடம் பெண்கள் பலர் தம் பெயரை உரைக்கவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாயினர். அயலானிடம் பெயர் சொல்லலாகாது என்பது அங்கே வழக்கமாம்! வடக்கை நோக்கி நகைக்க வேண்டா. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அஞ்சியவர்கள் நம் பாட்டிமார்.

பெயரற்ற பதிவு செல்லாது என்றது ஆணையம். திருத்தப்படாத பதிவுகள் நீக்கப்பட்டன. எத்தனை? ஏறத்தாழ 28 இலட்சம்!

விதி சரியே. பெயரில்லாப் பதிவிலே எவரும் ஆள்மாறாட்டம் செய்யலாம். அதனினும் மேலாக, வாக்கு அவளுடையது, கணவனுடையதன்று. ஆயினும், தண்டனை பெற்றது வழக்கமா? இல்லை, வழக்கத்திற்கு இரையானவளே தண்டிக்கப்பட்டாள். அடுத்த தேர்தல் வந்த 1957க்குள் நிலை பெரிதும் சீர்பட்டது. சட்டம் அதற்காக ஒரு சொல்லும் மாறவில்லை. மீண்டும் கதவைத் தட்டிப் பெயர் கேட்ட அலுவலரும், வாய்திறந்த பெண்களுமே அதை மாற்றினர்.

நான் பள்ளி ஆசிரியன். நாள்தோறும் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைக்கிறேன். அந்த ஏட்டிலே இல்லாத பிள்ளை, என் கண்முன்னே அமர்ந்திருந்தாலும் கணக்கிலே இல்லை! குடியாட்சியிலும் அப்படியே.

தோழர்களே! சட்டமன்றத்தை மட்டும் பார்த்தால் போதாது. வட்டாட்சியர் அலுவலகத்து ஏட்டையும் பாருங்கள். பட்டியல் வெளியாகும் நாளிலே, உங்கள் தெருவில் விடுபட்ட தாய் எவள் என்று தேடுங்கள். அவள் பெயரைக் கேளுங்கள். அவளே சொல்லட்டும், அலுவலர் எழுதட்டும்.