செம்பவாங்குக்கு வந்த கப்பல்

சிங்கப்பூரின் வடகரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்த ஊர் செம்பவாங். அங்கே பிரிட்டிஷார் கட்டிய கடற்படைத் தளம் 1938-இல் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பலர் அங்கே உழைத்துக் குடும்பம் காத்தனர். தளம் இருந்தது, அதில் நிற்கப் பெருங்கப்பற்படைதான் இல்லை.

1941 ஜனவரி முதல் மார்ச் வரை பிரிட்டிஷ், அமெரிக்கப் படை அதிகாரிகள் வாஷிங்டனில் இரகசியமாகக் கூடினர். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. தன் கப்பற்படையில் ஒரு பகுதியைச் சிங்கப்பூருக்கு அனுப்புமாறு பிரிட்டன் கேட்டது, அமெரிக்கா இணங்கவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் சர்ச்சில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்னும் போர்க்கப்பலில் யாருமறியாமல் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய ரூஸ்வெல்ட்டும் வந்து சேர்ந்தார். நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் இருவரும் பேசி, எட்டு அம்சங்கள் கொண்ட அட்லாண்டிக் சாசனத்தை வகுத்தனர். ஆகஸ்ட் 14-இல் அது வெளியிடப்பட்டது. தமக்கேற்ற ஆட்சியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது அதன் மூன்றாம் அம்சம்.

எம் தோட்டப் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரு சிறுமி எழுந்து, "எல்லாரும்னா நாமளும்தானே, சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி! அதற்குச் சர்ச்சிலே விடை சொல்லிவிட்டார். நாஜிகளின் பிடியிலிருந்த ஐரோப்பிய நாடுகளையே முதன்மையாகக் கருதியதாகவும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் நிலை வேறு என்றும் செப்டம்பர் 9-இல் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

சாசனம் பிறந்த பயணத்தில் சர்ச்சிலைச் சுமந்த அதே கப்பல், டிசம்பர் 2-இல் செம்பவாங்குக்கு வந்தது. 8-ஆம் நாள் 'ரிப்பல்ஸ்' கப்பலுடன் புறப்பட்டது. 10-ஆம் நாள் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

கப்பல் மூழ்கியது, சொல் மூழ்கவில்லை. 1942 ஜனவரி முதல் இரு நாள்களில் 26 நாடுகள் சாசனத்தின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட்டன. ஐக்கிய நாடுகள் சபைக்கு அதுவே அடித்தளம். 1947-இல் இந்தியாவும், 1957-இல் மலாயாவும் விடுதலை பெற்றன. 1965-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. செம்பவாங் கப்பல் பட்டறையும் 1968-இல் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது.

மறைவில் பேசியோர் நம்மை எண்ணிப் பேசவில்லை. ஆயினும் 'எல்லா மக்களும்' என்று எழுதிவிட்டார்கள். எழுதியதை நமக்கும் உரியதாக்கியவர்கள், அதை நம்பி உரிமை கேட்ட மக்களே. அந்தச் சிறுமிக்கு நாம் தந்த விடையும் இதுவே.