பாரதத்தின் எண்ணெய் வளமும் அதை அளந்த வரலாறும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. களத்து நெல்லை மரக்காலாலும், கடையில் விற்கும் எண்ணெயைப் படியாலும் அளந்து பழகியவர்கள் அவர்கள். ஆனால், ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், பாறையின் நுண்துளைகளுக்குள் மறைந்து கிடக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் எந்த மரக்கால் கொண்டு அளப்பது? இருபதாம் நூற்றாண்டில் உலக அரசுகள் பலவற்றின் முன் இவ்வினா எழுந்தது. விடுதலை பெற்ற பாரதம் இதற்கு விடை தேடிய வரலாறு நம்மில் பலரும் அறியாதது. அதனை அறிவது, நாளிதழ்களில் அடிக்கடி வெளிவரும் எண்ணெய்க் கணக்குகளை ஏமாறாமல் படிப்பதற்கும் உதவும்.

பிறர் கையில் இருந்த கணக்கு

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அன்றைய ஆட்சியாளரின் முதன்மையான நோக்கம் நிலக்கரி. நீராவிக் கப்பல்களுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் அதுவே தேவைப்பட்டது. ஆயினும், அஸ்ஸாமின் காடுகளில் நிலக்கரியைத் தேடிச் சென்ற நிலவியலார் எண்ணெய் கசியும் ஊற்றுகளையும் கண்டனர். 1867-இல் மாகும் என்னுமிடத்தில் வெறும் 118 அடி ஆழத்திலேயே எண்ணெய் வெளிப்பட்டது. 1889-இல் திக்பாயில் தோண்டப்பட்ட கிணறு, வணிக அளவில் எண்ணெய் தரத் தொடங்கியது. 1901-இல் அங்கேயே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது.

இம்முயற்சிகளில் ஒரு குறை இருந்தது. எண்ணெய் தேடும் பணி முழுவதும் தனியார் குழுமங்களிடம் விடப்பட்டிருந்தது. எங்கே தோண்டினர், எவ்வளவு ஆழம் சென்றனர், என்ன கண்டனர் என்னும் செய்திகள் அக்குழுமங்களின் உடைமைகளாகவே இருந்தன. ஆதலால், 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது, ஆண்டுக்குச் சுமார் 2.5 லட்சம் டன் எண்ணெய் கிடைத்தது என்பதை அரசு அறியும்; நாட்டின் நிலத்தடியில் மொத்தம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதைக் கூறவல்ல அமைப்பு ஒன்றும் அரசிடம் இல்லை.

1953-இல் அஸ்ஸாமின் நஹர்கட்டியாவில் அஸ்ஸாம் எண்ணெய்க் கம்பெனி புதிய வயல் ஒன்றைக் கண்டது. வங்காளத்தில் அமெரிக்கக் குழுமம் ஒன்றுடன் அரசு கூட்டாக நடத்திய தேடலோ பயன் தரவில்லை. தோண்டிய கிணறுகள் யாவும் வறண்டே போயின. அஸ்ஸாமுக்கு வெளியே எண்ணெய் கிடைக்குமா என்பதில் அக்காலத்தில் பெரும் ஐயம் நிலவியது. பிறர் ஆய்ந்து கூறும் முடிவை அப்படியே ஏற்பதா, நாமே அளந்து பார்ப்பதா என்பதே அன்றைய வினா.

தேராதூனில் தொடங்கிய பணி

இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்களுள் முதன்மையானவர், அன்று இயற்கை வளத் துறைப் பொறுப்பில் இருந்த கேசவதேவ மாளவியா. 1955-இல் அரசின் அமைச்சகத்துக்குள்ளேயே, நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்து வந்த சிலரைக் கொண்டு எண்ணெய் எரிவாயு இயக்ககம் ஒன்று சிறிய அளவில் தொடங்கப்பெற்றது. 1956 ஆகஸ்டில் அது ஆணையமாக உயர்ந்தது. 1959-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தன்னுரிமை பெற்ற அமைப்பாயிற்று. இமயத்தின் அடிவாரத்திலுள்ள தேராதூன் அதன் தலைமையிடமாயிற்று.

சோவியத் நாட்டு வல்லுநர்கள் வந்து படுகைகளைப் பார்வையிட்டுத் தேடலுக்கான திட்டம் வகுத்துக் கொடுத்தனர். அத்திட்டத்தின் சிறப்பு, எண்ணெய் ஊற்றைத் தேடுவதோடு நில்லாமல், நாட்டின் படிவுப் பாறைப் பகுதிகள் அனைத்தையும் முறையாக ஆய்ந்து பதிவு செய்ய முற்பட்டதேயாகும். நிலப்படம் வரைதல், புவியீர்ப்பு வேறுபாட்டை அளத்தல், காந்தப் புல ஆய்வு, நில அதிர்வு ஆய்வு என்பன படிப்படியாக நடைபெற்றன. நில அதிர்வு ஆய்வாவது, நிலத்தில் சிறு வெடியொன்றை வெடித்து, அதன் அதிர்வு அலை ஆழத்திலுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கருவிகளால் பதிவு செய்வது. வைத்தியர் நோயாளியின் முதுகைத் தட்டி, உள்ளே எழும் ஒலியைக் கொண்டு நோயறிவதை ஒத்தது இது.

பலன் விரைவிலேயே கிட்டியது. 1958-இல் குஜராத்தின் காம்பே பகுதியிலும், 1960-இல் அங்கலேஷ்வரிலும் எண்ணெய் வெளிப்பட்டது. அங்கலேஷ்வர்க் கிணற்றுக்கு வசுதாரா என்று பெயர் சூட்டினார் நேரு. 1960-களில் சோவியத் ஆய்வுக் கப்பல் ஒன்று காம்பே வளைகுடாப் பகுதியில் கடலடியை ஆய்ந்தது. அதன் பதிவுகள் மும்பைக்கு மேற்கே கடலின் அடியில் பெரியதொரு பாறை மேடு இருப்பதைக் காட்டின. 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்னும் துளையிடும் மேடை அங்கே எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கியது. பாம்பே ஹை என்று உலகறிந்த அவ்வயலின் துணையால், 1980-களின் நடுவில் நாட்டின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் நம் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் கிடைத்தது. அலைப் பதிவுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே பத்தாண்டுக் காலம் சென்றது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அளவைப் பணியின் பயன் அளந்தவர் காலத்திலேயே கிட்ட வேண்டும் என்பதில்லை.

எள்ளும் செக்கும்

இனி, கணக்கிடும் முறையைப் பார்ப்போம். எண்ணெய் வயல் என்றவுடன் நிலத்தடியில் ஏரி போல் எண்ணெய் தேங்கியிருப்பதாக நம்மில் சிலர் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறில்லை. எள்ளுக்குள் எண்ணெய் போலவே பாறைக்குள் எண்ணெய் உறைகின்றது. ஆகவே, எண்ணெய் உறையும் பாறையின் பரப்பு, அதன் கனம், அப்பாறையில் நுண்துளைகள் எத்தனை விழுக்காடு, அத்துளைகளில் நீர் போக எண்ணெய் எவ்வளவு என்னும் நான்கையும் அறிந்து பெருக்க வேண்டும். மேலே வரும்போது கரைந்துள்ள வாயு பிரிந்து எண்ணெய் சுருங்குவதையும் கழிக்க வேண்டும். இவற்றுள் எதனையும் நேரில் கண்டு அளக்க இயலாது. சில கிணறுகளில் எடுத்த பாறைத் துண்டுகளைக் கொண்டு பல சதுர மைல் பரப்பை மதிப்பிடுவதே வழி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் எனலாம். ஆனால் இங்கே பானை முழுவதும் ஒரே சோறாக இருப்பதில்லை.

இவ்வாறு கிடைக்கும் தொகை உள்ளிருப்பு. அது முழுவதையும் எடுத்துவிட முடியாது. செக்கில் எத்துணை ஆட்டினாலும் பிண்ணாக்கில் எண்ணெய் தங்குவது போல, பாறையிலும் பெரும்பகுதி தங்கிவிடும். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மேலே வந்தாலே நல்ல விளைவு. எடுக்கத்தக்க இப்பங்கையே இருப்பு என்பர். அதனுள்ளும் உறுதியானது, வாய்ப்புள்ளது, இயலக்கூடியது என மூன்று படிகள் உண்டு. எடுக்கும் செலவு விற்கும் விலையினும் மிகுமானால், நேற்று இருப்பாக இருந்தது இன்று இருப்பாகாது. விலை ஏறினால், மண்ணில் ஒரு துளியும் கூடாமலே கணக்கேட்டில் இருப்பு கூடும்.

கணக்குகள் தடுமாறிய இடங்கள்

இத்தகைய கணக்கில் வல்லரசுகளும் தடுமாறியுள்ளன. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத் துறை, அந்நாட்டில் இறுதிவரை எடுக்கத்தக்க எண்ணெய் சுமார் 59,000 கோடிப் பீப்பாய் என மதிப்பிட்டது. ஹப்பர்ட் என்னும் நிலவியலாரோ 1956-லேயே 15,000 முதல் 20,000 கோடிப் பீப்பாய்தான் என்றும், உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து பின் இறங்கும் என்றும் கூறியிருந்தார். 1970-இல் உச்சம் வந்தது, உற்பத்தி இறங்கியது, 1975-இல் அரசுத் துறையும் தன் மதிப்பீட்டை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. ஆயினும், கதை அங்கே முடியவில்லை. களிப்பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியதால், 2018-இல் அமெரிக்க உற்பத்தி 1970-ஆம் ஆண்டின் உச்சத்தையும் கடந்தது. பாறை மாறவில்லை, பாறையைப் பற்றிய அறிவும் கருவியுமே மாறின.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 2002-இல் கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் பெரும் எரிவாயு வயல் காணப்பட்டது. 2009-இல் உற்பத்தி தொடங்கி, 2010-இல் நாளொன்றுக்குச் சுமார் 6 கோடிக் கன மீட்டரை எட்டியது. பின்னர் 2014-க்குள் அதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இருப்பு மதிப்பீடும் பெருமளவு குறைக்கப்பட்டது. அவ்வாயுவை நம்பி எழுந்த மின் நிலையங்கள் எரிபொருளின்றி நின்றன. காரணம் யாது என்பதில் வழக்கும் வாதமும் உண்டு. மதிப்பீட்டை உறுதிமொழியாகக் கொண்டு முதலீடு செய்தால் விளைவு என்னவாகும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இன்றைய கணக்கு

பாரதத்தின் படுகைகளைப் பற்றிய பழைய மதிப்பீடு 1990-களில் செய்யப்பட்டது. எண்ணெயும் அதற்கு ஈடான வாயுவும் சேர்த்து உள்வளம் சுமார் 2,800 கோடி டன் என்றது அது. 1993-இல் ஏற்படுத்தப்பட்ட ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககமும் அரசு எண்ணெய் நிறுவனங்களும் கூடி நிகழ்த்திய மறுமதிப்பீடு 2017-இல் முடிந்தது. 26 படுகைகள், சுமார் 33.6 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. மொத்த உள்வளம் 4,187 கோடி டன். இதில் கண்டறியப்பட்டது சுமார் 1,200 கோடி டன்னே. எஞ்சியது இன்னும் காணப்படாதது. முன்பு ஆய்வே நடைபெறாத பகுதிகளில் 48,000 கிலோமீட்டருக்கு மேல் நில அதிர்வு ஆய்வு நடத்தும் தேசியத் திட்டமும் 2016-இல் தொடங்கப்பட்டது.

இப்பெருந்தொகையைக் கண்டு மகிழ்வதற்கு முன் இன்னொரு தொகையையும் பார்த்தல் வேண்டும். 2022 ஏப்ரலில் நாட்டின் கச்சா எண்ணெய் இருப்பு சுமார் 65 கோடி டன். எரிவாயு இருப்பு சுமார் 1.14 லட்சம் கோடிக் கன மீட்டர். 2022-23-இல் நம் உற்பத்தி சுமார் 2.9 கோடி டன் எண்ணெய். 65-ஐ 2.9-ஆல் வகுத்து, இன்னும் 22 ஆண்டுகளுக்கு எண்ணெய் உண்டு என்பார் உளர். அதே ஆண்டில் நம் சுத்திகரிப்பு ஆலைகள் பதப்படுத்திய எண்ணெயோ 25 கோடி டன்னுக்கு மேல். அதனால் வகுத்தால் மூன்று ஆண்டுக்கும் காணாது. தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் பிற நாடுகளிலிருந்து வாங்குவதால்தான் 22 என்னும் எண் தோன்றுகின்றது. ஒரே இருப்புக்கு இரண்டு விடைகள். வகுத்த எண்ணைக் கேளாமல் விடையை நம்புதல் ஆகாது.

வயலின் மேலும் கீழும்

இக்கணக்கில் காவிரிப் படுகைக்கும் இடமுண்டு. வணிக உற்பத்தி நடைபெறும் முதல்வகைப் படுகைகளுள் அதுவும் ஒன்று. நாகை மாவட்டத்து நரிமணம் எண்ணெயும் வாயுவும் தந்த ஊர். நம்மில் பலருக்குத் தந்தையர் ஊரும் பாட்டனார் ஊரும் அப்பக்கம்தான். அங்கே நெல் விளையும் வண்டலுக்கு அடியிலேயே எண்ணெய்ப் பாறையும் அமைந்துள்ளது. 2017-இல் நெடுவாசலில் உழவர் எழுப்பிய எதிர்ப்பு நாடெங்கும் கேட்டது. 2020-இல் தமிழக அரசு, டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலும் துளையிடுதலும் அங்கே தடை செய்யப்பட்டன. ஆக, பாறையும் கருவியும் விலையும் மட்டுமன்றி, அம்மண்ணில் வாழும் மக்களின் இசைவும் இருப்பைத் தீர்மானிக்கின்றது. படுகையின் உள்வளக் கணக்கில் அவ்வெண்ணெய் இருக்கலாம். எடுக்கத்தக்கதா என்னும் வினாவுக்கு நிலவியலார் மட்டும் விடை கூற இயலாது.

அப்படியாயின் அரசு ஆய்வுகளால் பயன் என்ன? தனியார் குழுமம் எண்ணெய் கண்ட இடத்தையே பெரிதாகப் பேசும். முறையான அரசு ஆய்வு வறண்ட கிணற்றையும் பதிவு செய்கின்றது. இன்று வறண்டதாகத் தோன்றும் பதிவு, நாளை வேறு கருவியோடு வருபவனுக்கு வழி காட்டுகின்றது. அன்னியர் கையிலிருந்த கணக்கேடு நம் கைக்கு வந்தது 1955-க்குப் பின் நிகழ்ந்த பெரும் மாற்றம். அக்கணக்கேட்டைத் திறந்து படிக்கவும், அதிலுள்ள எண் உள்வளத்தைக் குறிப்பதா, இருப்பைக் குறிப்பதா என்று கேட்கவும் குடிமக்களாகிய நாம் பழகுதல் வேண்டும். அளந்து போடச் சொன்ன முன்னோர், அளவு சரிதானா என்று பார்க்கவும் நமக்குக் கற்பித்தவர்களே.