பாதி கொடுத்தால் கடன் தீருமா? நாட்டுக்கு நாடு மாறும் சட்டம்

பத்தாயிரம் பவுண்டு கடன்பட்ட ஒருவர், தன்னால் இயன்றது இவ்வளவுதான் என்று கூறி ஆறாயிரம் பவுண்டை ஒரே தொகையாகக் கொடுக்கிறார். கடன் கொடுத்தவரும் "இத்துடன் கணக்கு முடிந்தது" என்று சொல்லி அதைப் பெற்றுக்கொள்கிறார். மீதி நாலாயிரத்தை அவர் பின்னொரு நாளில் கேட்டு வழக்குத் தொடர முடியுமா?

சென்னையில் முடியாது. கோலாலம்பூரிலும் டொரொண்டோவிலும் முடியாது. லண்டனில், பெரும்பாலான சந்தர்ப்பங்களில், முடியும்.

புலம்பெயர்ந்த தமிழர்களிடையே கைமாற்றுக் கடன்களும் சீட்டுப் பணமும் பெரும்பாலும் வாய்வார்த்தையில் நிற்பவை. தகராறு வந்தால் பெரியவர் ஒருவர் முன்னிலையில் ஒரு தொகை பேசித் தீர்க்கப்படுகிறது. ஊரில் இந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. ஆனால் குடியேறிய நாட்டிலும் அது உண்டு என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

நானூறு ஆண்டு பழைய விதி

இங்கிலாந்தின் நிலைப்பாடு 1602ஆம் ஆண்டின் பின்னெல் வழக்கிலிருந்து தொடங்குகிறது. எட்டு பவுண்டு பத்து ஷில்லிங் கடன், 1600ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி செலுத்தப்பட வேண்டியிருந்தது. கடன்பட்டவரோ, பின்னெலின் வேண்டுகோளின்படி அக்டோபர் முதல் தேதியே ஐந்து பவுண்டு இரண்டு ஷில்லிங் இரண்டு பென்ஸ் கொடுத்ததாகவும், அது முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்கப்பட்டதாகவும் வாதிட்டார்.

உரிய நாளில் கொடுக்கப்படும் குறைந்த தொகை, கூடிய தொகைக்கு ஒருபோதும் ஈடாகாது என்று நீதிமன்றம் கூறியது. மீதியை விட்டுக்கொடுப்பவருக்கு அதற்குப் பதிலாக ஏதேனும் ஒரு புதிய பயன் கிடைக்க வேண்டும். ஆங்கிலச் சட்டம் 'மறுபயன்' என்று வலியுறுத்துவது இதைத்தான். அந்தப் பயன் ஒரு குதிரையாகவோ ஓர் அங்கியாகவோ கூட இருக்கலாம். அதன் மதிப்பை நீதிமன்றம் எடைபோடாது. கடன் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி கெடுவுக்கு முன்பே பணம் தரப்பட்டால், அந்த முந்திய நாட்களும் ஒரு பயனே. பின்னெல் வழக்கில் கடன்பட்டவர் தோற்றது, அவருடைய வாதம் சரியான முறையில் எழுதப்படவில்லை என்ற நுணுக்கமான காரணத்தால் மட்டுமே.

ஆகவே முன்கூட்டியே கொடுத்துக் குறைத்துத் தீர்ப்பதற்கு ஆங்கிலச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் குறைத்துத் தரும்படி பேரம் பேசப்படும் கடன்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தவணை தவறியவை. அவற்றுக்கு இந்த வாசலால் பயனில்லை.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை 1884இல் பிரபுக்கள் சபை காட்டியது. டாக்டர் ஃபோக்ஸ் என்பவர் ஜூலியா பீர் என்ற பெண்மணிக்கு, நீதிமன்றத் தீர்ப்பின்படி 2,090 பவுண்டு 19 ஷில்லிங் தர வேண்டியிருந்தது. உடனடியாக 500 பவுண்டும் மீதியைத் தவணைகளிலும் கொடுத்தால் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று பீர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். டாக்டர் முழு அசலையும் செலுத்தி முடித்தார். அதன் பின்னர் பீர் சுமார் 360 பவுண்டு வட்டி கேட்டு வழக்காடி, வெற்றியும் பெற்றார். வணிகர்கள் தினந்தோறும் பகுதித் தொகையை மகிழ்ச்சியோடு ஏற்கிறார்களே என்று தயங்கிய நீதிபதி பிளாக்பர்ன் கூட இறுதியில் மறுப்புத் தெரிவிக்கவில்லை. இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் காலம் வந்திருக்கலாம் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2018இல் குறிப்பிட்டது. எனினும் அப்போது அது தீர்ப்பை மாற்றவில்லை.

இந்தியா வேறு வழியில்

இதே பிரிட்டிஷாரின் ஆட்சியில் இயற்றப்பட்ட 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விதியை ஏற்கவில்லை. வாக்குறுதி பெற்றவர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது அதன் 63ஆம் பிரிவு. சட்டத்திலேயே ஓர் உதாரணமும் தரப்பட்டுள்ளது: 5,000 ரூபாய் கடனுக்கு, உரிய நாளில், உரிய இடத்தில் 2,000 ரூபாய் கொடுக்கப்பட்டு, அது முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்கப்பட்டால் கடன் முழுவதும் தீர்ந்தது. பின்னெல் வழக்கின் விதிக்கு நேர் எதிரான உதாரணம் இது.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதையே பின்பற்றுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் ஆங்கில விதியை நீக்கிவிட்டது. அங்கே பகுதித் தொகை முழுக் கடனுக்கு ஈடாக வெளிப்படையாக ஏற்கப்பட்டால் போதும். இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம், ஒப்பந்தத்துக்கு மறுபயன் வேண்டும் என்று கேட்பதில்லை. சிங்கப்பூர் ஆங்கிலப் பொதுச்சட்ட மரபைத் தொடர்கிறது.

தந்தை அனுப்பிய பணம்

இங்கிலாந்தில் வாழ்வோருக்கு மிகவும் உதவக்கூடிய தீர்ப்பு, இந்தியத் தொடர்புள்ள ஒரு வழக்கில்தான் பிறந்தது. இந்தியாவில் பணியாற்றிய டெம்பிள் என்ற ராணுவ அதிகாரி, ஹீராசந்த் புனம்சந்த் என்ற வட்டிக்கடைக்காரர்களிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியிருந்தார். அவருடைய தந்தை, முழுக் கடனுக்கும் ஈடாக என்று குறிப்பிட்டு, குறைந்த தொகைக்கு ஒரு வங்கி வரைவோலையை அனுப்பினார். அதைக் காசாக்கிக்கொண்ட வட்டிக்கடைக்காரர்கள், மீதியைக் கேட்டு மகன் மீது வழக்குத் தொடர்ந்தனர். மூன்றாம் நபர் ஒருவரின் பணத்தை முழுத் தீர்வாகப் பெற்ற பின்னர் கடன்பட்டவரைத் துரத்த முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911இல் தீர்ப்பளித்தது.

அண்ணனோ மாமனாரோ பணம் தந்து உதவும் குடும்பங்களில் இந்த வேறுபாடு முக்கியமானது. அப்பணம் கடன்பட்டவரின் கைக்கு வந்து அவர் பெயரில் செலுத்தப்பட்டால் பின்னெல் விதிக்குள் விழலாம். உறவினரே, தம் பெயரில், முழு இறுதித் தீர்வாக என்ற கடிதத்துடன் செலுத்தினால் 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பாதுகாப்பு கிட்டும். சாட்சி முன்னிலையில் கையொப்பமிடப்படும் முறையான பத்திரத்துக்கு மறுபயன் தேவையில்லை என்பது இன்னொரு வழி. எல்லாக் கடன்காரர்களும் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடும் செல்லும். 1986ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ், வாக்களிக்கும் கடன்காரர்களில் தொகை அடிப்படையில் 75 சதவீதத்தினர் ஏற்றால், மறுத்தவர்களையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு.

கடன்பட்டவருக்கு நீதி ஓரளவே இரங்கும். கடன் கொடுத்தவரின் நெருக்கடியை அறிந்துகொண்டு "இதை வாங்கு, இல்லையேல் ஒன்றுமில்லை" என்று நிர்ப்பந்திப்பவருக்கு அதுவும் இல்லை. சுமார் 482 பவுண்டு பாக்கிக்கு, பண நெருக்கடியில் இருந்த ஒரு சிறிய கட்டட நிறுவனத்தை 300 பவுண்டு காசோலையை ஏற்கச் செய்த ரீஸ் தம்பதியின் வழக்கில், மீதியும் தரப்பட வேண்டும் என்று 1965இல் தீர்ப்பானது.

வங்கிகள்

எழுத்தில் உறுதி தந்த வங்கி நடைமுறையில் அதை மீறுவது அரிது. சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. வாராக்கடன்கள் வசூல் நிறுவனங்களுக்கு விற்கப்படுகின்றன. வாங்கியவரிடம் பழைய தொலைபேசி உரையாடலின் பதிவு இருக்காது. கணக்கு எண், தொகை, கெடு, மீதி கோரப்படாது என்ற வாசகம், கூட்டுக் கடனாயின் இருவரின் பெயர்கள் ஆகியவை அடங்கிய கடிதம் கைக்கு வருமுன் பணம் செலுத்துவது அறிவுடைமை ஆகாது. இங்கிலாந்தில் சாதாரணக் கடன்களுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு ஆறு ஆண்டுகள். அது முடியுமுன் உடன்பாடின்றிச் செலுத்தப்படும் சிறு தொகையும் அந்தக் காலக்கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவைக்கும்.

குறைத்துத் தீர்த்த கடன், பிரிட்டனில் 'பகுதியாகத் தீர்க்கப்பட்டது' என்ற குறிப்புடன் கடன் வரலாற்றில் ஆறு ஆண்டுகள் வரை நிற்கக்கூடும். இந்தியாவில் வங்கிகள் 'ஒரே தவணைத் தீர்வு' என்று அழைக்கும் ஏற்பாட்டுக்குப் பின் சிபில் பதிவில் 'செட்டில்டு' என்று வருகிறது. முழுதாக அடைத்தவருக்குரிய 'குளோஸ்டு' என்ற சொல் அல்ல. விவசாயக் கடன் அல்லாதவற்றில் இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்குப் புதிய கடன் வழங்கக் குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் விதித்தது. ஊரில் கடனை விட்டுவிட்டு வெளிநாடு வந்தவர்கள், திரும்பிச் சென்று வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் பலமுறை இதை அறிகிறார்கள்.

அமெரிக்காவில் சிக்கல் வரியாக வருகிறது. வங்கி தள்ளுபடி செய்த தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வரித்துறைக்குத் தெரிவிக்கப்படுகிறது. பொதுவாக அது கடன்பட்டவரின் வருமானமாகவே கணக்கிடப்படும். தள்ளுபடிக்குச் சற்று முன் அவருடைய கடன்கள் சொத்துகளை விட அதிகமாக இருந்தன என்று காட்டினால், அந்த வித்தியாசத்தின் அளவுக்கு விலக்குக் கிடைக்கும். அதற்கான படிவத்தை அவரேதான் வரிக்கணக்குடன் இணைத்து அனுப்ப வேண்டும்.