மால்பெக் சிப்பி

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவை ஒட்டிய மால்பெக் விரிகுடாவின் பெயரால் அறியப்படும் உண்ணத்தக்க சிப்பி. இனம் கிராசோஸ்ட்ரியா வர்ஜினிகா. குளிர்நீரில் மெல்ல வளர்வதால் விற்பனை அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆகும்; சதை இறுகியிருப்பதற்கும் இதுவே காரணம். முதலில் தெளிந்த உப்புக்கரிப்பு, மெல்லும்போது இளம் இனிப்பு. சிப்பியைப் புதிதாகச் சுவைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அரிது.

1915 வாக்கில் மால்பெக் விரிகுடாவில் பரவிய கொள்ளைநோய் சிப்பிப் படுகைகளை ஏறக்குறைய முற்றாக அழித்தது. எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்கள் நோயைத் தாங்கும் வலிமை பெற்றன. 1950களில் அதே நோய் அண்டை மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கின் கரையைத் தாக்கியபோது, இத்தீவின் சிப்பிகளைக் கொண்டுசென்று இட்டே அங்குள்ள படுகைகளை மீட்டனர். இந்தச் சிப்பியின் வரலாற்றில் சுவையைவிடப் பெருமைக்குரிய பகுதி இதுதான்.

உயிருடன் உள்ள சிப்பியின் கீல்பகுதியில் குட்டைக்கத்தி செருகித் திறந்து, உள்நீர் சிந்தாமல், குழிந்த ஓட்டிலேயே பொடித்த பனிக்கட்டிமேல் வைத்துப் பச்சையாகப் பரிமாறுவர். எலுமிச்சைச் சாறு சில துளிகள் போதும். நறுக்கிய சிறுவெங்காயம் ஊறிய வினிகரும் பொருந்தும். ஓடு திறந்திருந்து, தட்டியும் மூடாத சிப்பியை உண்ணக்கூடாது.