பாண்டிய நாட்டுப் பரியும் பசும்பாலும்



வீரகேரளம்புதூரைத் தழுவியோடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அத்தாமிரபரணி கடலைச் சேரும் இடத்தருகே, ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர், காயல் என்னும் பெருந்துறை விளங்கிற்று. அரபு நாட்டுக் குதிரைகளும் பாரசீகக் குதிரைகளும் அங்கே வந்து இறங்கின.

குதிரை வாங்கப் பாண்டியன் பொன்னைக் கொண்டு சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை நாம் அறிவோம். பிற்காலப் பாண்டியரும் அவ்வாறே பெரும்பொருளைக் குதிரைக்குச் செலவிட்டனர். ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் இந்நாட்டுக்கும் அண்டைத் துறைகளுக்கும் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம்.

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கியவை நெடுநாள் வாழவில்லை. வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் ஊட்டி, காய்ச்சிய பசும்பாலைப் பருகக் கொடுத்தனர் என்று வசாப் வியக்கிறார். 1290-களில் இங்கு வந்த மார்க்கோ போலோ, சோறும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தனர் என்கிறார். உயர்ந்த குதிரைக்குப் பிறந்த குட்டியும் கால் கோணி, ஏறுதற்கு உதவாததாயிற்று என்பதும் அவர் கூற்றே. குதிரை பேணும் கலை அறிந்தோரை வணிகர் இங்கு வரவிடவில்லை என்றும் அவர் குறிக்கிறார். குதிரைகள் மடிய மடிய வாணிகம் வளர்ந்தது!

பாலூட்டியவர் அன்பிற் குறைந்தவர் அல்லர், அறிந்திலர், அவ்வளவே. குதிரைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு. பசும்பாலில் ஏறத்தாழ 4 பங்கு. இனிப்போ குதிரைப் பாலில்தான் மிகுதி. ஆதலின் இன்று தாயை இழந்த குட்டிக்குக் குதிரைப் பாலின் இயல்புக்கு ஒப்பச் செய்த பால்மாவைக் கரைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுகின்றனர். அதற்கும் முன்னர், பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் கிட்டவேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் கருவறையில் குட்டிக்குக் கிடைப்பதில்லை. சீம்பாலின் வழியே கிடைக்கிறது. ஒரு நாள் கழிந்தால் அதனை ஏற்கும் திறனைக் குடல் இழந்துவிடும்.

பாண்டியர் கருவூலத்தில் பொன் இருந்தது. கொட்டிலில் அறிவு இல்லை. பிறர் மறைத்த அக்கலையைத் தாமே தேடிக் கற்றிருப்பின், அப்பொன்னில் பெரும்பகுதி கடல் கடந்து போயிராது. வாங்கும் வன்மையினும் வளர்க்கும் அறிவே நாட்டுக்கு நிலையான செல்வமாகும்.