நாக்குக்கு முன்னால் காது

தாய்மொழி என்றதும் நமக்கு நாக்குதான் ஞாபகம் வருகிறது. ழகரம் வராத பிள்ளையை “நாக்க மடிச்சுச் சொல்லு” என்று அதட்டுவோம். ழவும் ளவும் வேறு வேறு என்று அதன் காதுக்குத் தெரிகிறதா என்று கேட்க மாட்டோம்.

பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் குழு அதைத்தான் கேட்டது. எஸ்தோனிய மொழியில் இருக்கும் ஓர் உயிரொலி அதன் உறவு மொழியான பின்னிஷில் இல்லை. ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும்போது நடுவில் வேறொன்று நுழைந்தால், நாம் கவனிக்காவிட்டாலும் மூளையில் ஒரு துடிப்பு எழும். அந்த உயிரொலி நுழைந்தபோது எஸ்தோனியர்களின் துடிப்பு பெரிதாக இருந்தது, பின்லாந்துக்காரர்களுக்குச் சிறிதாக. 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது இது.

இதற்கு இரண்டு கருவிகள் வேண்டியிருந்தன. 1924இல் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்த மின்னலை வரைவு, எப்போது என்பதை மில்லிசெகண்டில் சொல்லும். மண்டையோடு மின்சாரத்தைக் கலைத்துவிடுவதால் எங்கே என்பதில் குழப்பும். காந்தப்புலம் அப்படிக் கலையாது. அதை 1968இல் டேவிட் கோஹன் பதிவு செய்துகாட்டினார். நாட்டனென் குழு இரண்டையும் சேர்த்ததால்தான் துடிப்பு இடது செவிப்புறணியில் எழுவது தெரிந்தது.

எம்ஆர்ஐ இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும். ஆனால் அது பார்ப்பது ரத்த ஓட்டத்தை. அது வர சில விநாடி ஆகும். அதோடு காதைப் பிளக்கிற சத்தம் வேறு! கேட்பதை ஆராய வந்த மெஷினே கேட்கவிடாது. அந்தத் தாமதத்தையே 1999இல் டெபோரா ஹால் குழு பயன்படுத்திக்கொண்டது: மெஷினை நிறுத்தி ஒலியைக் கேட்கவை, ரத்தம் வந்து சேரும் நேரத்தில் படம் எடு.

பினாங்கில் இருந்து இதை வாசிக்கும்போது எனக்கு ஹொக்கியன்தான் நினைவில் ஓடுகிறது. அதில் ‘வாங்கு’, ‘வில்’ இரண்டும் ஏறக்குறைய ‘பே’தான். சுருதி மட்டும் மாறும். பிசகினால் வியாபாரமே தலைகீழ்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜாக்சன் கேண்டூர் இதைத் தொட்டார். 2000இல் வந்த பெட் ஸ்கேன் ஆய்வில் தாய்லாந்துச் சுருதிகளைக் கேட்டபோது, பேச்சுக்குரிய இடது முன்மூளைப் பகுதி தாய் மொழியினருக்கு மட்டுமே விழித்தது. சுருதிமொழிக்காரர்களான சீனர்களுக்குக்கூட இல்லை. மொழிக்கு ஐந்தே பேர் என்பதால் நான் இதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். 2005இல் அனந்தநாராயண் கிருஷ்ணனோடு சேர்ந்து, மின்பதிவு வழியாக இன்னும் கீழே மூளைத்தண்டு வரை போனார். மாண்டரின் சுருதியை ஆங்கிலம் பேசுவோரைவிடச் சீனரின் மூளைத்தண்டு நெருக்கமாகப் பின்தொடர்ந்தது. அர்த்தம் புரிவதற்கு வெகு முன்னாலேயே மொழி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் சௌரஸ்தா மார்க்கெட்டில் சரளமாக ஹொக்கியனில் பேரம் பேசும் நம் அக்காவின் மூளைத்தண்டு எந்தப் பக்கம்? அவர் பேரனுக்கு ழகரம் எப்படிக் கேட்கிறது?