பவுலின் நிருபங்களும் பந்தி வேற்றுமையும்

மலாக்கா நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் குன்றுக்குப் பவுல் அப்போஸ்தலரின் பெயர் வழங்குகின்றது. போர்த்துக்கீசியர் 1521இல் மாதாவின் பெயரால் அங்கு எழுப்பிய ஆலயத்தை, 1641இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பவுலின் பெயரால் அழைத்தனர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சின்னப்பர் என்பர். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பதே பொருள். பெயரை அறிந்த நாம் அவர் எழுதியவற்றின் கருத்தை அறிந்தோமா?

பவுல் சாஸ்திர நூல் இயற்றினாரல்லர், கடிதமே எழுதினார். கூடாரம் செய்யும் கைத்தொழிலால் பிழைத்துக்கொண்டு, ஊர்தோறும் சபைகளை நிறுவி, அங்கே எழுந்த சச்சரவுகளுக்குக் கிரேக்க மொழியில் விடை வரைந்தார். அவர் பெயரால் வழங்கும் நிருபங்கள் 13. அவற்றுள் 7 அவரே எழுதியவை என்பதில் ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஒத்துள்ளனர். ஆகவே, எந்தச் சச்சரவுக்கு எழுந்த விடை இஃது என்று கேட்டுப் படித்தாலன்றி அவற்றின் பொருள் விளங்காது.

அச்சச்சரவுகளுள் முக்கியமானது பந்திச் சச்சரவாகும். அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு உண்டுவந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். சடங்குகளாலன்று, விசுவாசத்தாலேயே மனிதன் கடவுள்முன் நீதிமானாகிறான் என்னும் அவரது பெருங்கொள்கை அதனைத் தொடர்ந்தே விளக்கப்படுகின்றது. விசுவாசம் ஒன்றே வாயிலாயின், பிறப்பு வேற்றுமைக்கு இடமேது? கொரிந்துவில் செல்வர் முன்னதாக உண்டு களிக்க, ஏழையர் பசித்திருந்ததையும் அவர் கடிந்தார்.

இந்நிருபங்கள் தமிழருக்குக் கிடைக்காமற் போகவில்லை. சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி நிறைவெய்தியது. இருந்தும், நூறாண்டு கழிந்த பின்னும் தென்னாட்டுச் சபைகள் பலவற்றில் ஜாதிக்கோர் இடமும், நற்கருணையில் முன்பின் வரிசையும் நிலைத்திருந்தன. 1833இல் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன், ஜாதி வேற்றுமையை ஒழிக்குமாறு சபைகளுக்குக் கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கிறிஸ்தவர் பலர் எதிர்த்தனர். வேதத்தைக் கற்றுணர்ந்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஜாதி வழக்கத்தின் பக்கமே நின்றார்.

பவுலிடம் குறையே இல்லையென நாம் கூறவில்லை. ஒநேசிமு என்னும் அடிமையை எஜமானன் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினார். அடிமை முறையை ஒழிக்கக் கட்டளையிட்டாரல்லர். ஆயினும், அவனை அடிமையாகவன்றிச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டினார். சகோதரனெனின் உடனிருந்து உண்பவனன்றோ?

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் அன்பர்களே! எம்மதத்தவராயினும், மறையை வாயால் ஓதிவிட்டுப் பந்தியில் மனிதனை விலக்கினால் பயன் யாது? நம் வீட்டுக் கலியாணத்தில் யாருக்கு எவ்விடத்தில் இலை போடுகிறோம் என்பதை நாமே நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்ப்போமாக.